ரைட்... போலாம்!

என் அப்பா முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். திருச்சி - மதுரை, மதுரை - திருச்சி. ஓட்டிய தூரத்தை நீட்டி விட்டால் பூமியை எத்தனையோ தடவை சுற்றியிருப்பார். ஆனால், மனுஷன் பார்த்த உலகம் என்னவோ விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர். திரும்பி வரும்போது மேலூர், துவரங்குறிச்சி, விராலிமலை. அவ்வளவுதான்!

அம்மா அதைக்கூடப் பார்த்ததில்லை. அடுப்படி, ரேஷன் கடை, எங்கள் ஸ்கூல். டிரைவர் பெண்டாட்டிக்குப் பிரயாண யோகம் கிடையாது என்று எந்த ஜோசியன் எழுதி வைத்தானோ!

எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. வருஷம் 1992. எனக்கு ஒரு வயசு. அம்மா விராலிமலைப் பக்கம் பாட்டி வீட்டில் இருந்தபோது எனக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்திருக்கிறது. திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வந்திருக்கிறாள். தூரத்தில் ஒரு பஸ். ஓட்டி வந்தது யார்? சாட்சாத் என் அப்பா! அம்மா கையைக் காட்டியிருக்கிறாள். அப்பாவும் பார்த்துவிட்டார். ஆனால், வண்டி எக்ஸ்பிரஸ். அங்கே ஸ்டாப்பிங் இல்லை.

போய்விட்டார் சார்... நிறுத்தாமல் போயே விட்டார்!

"பெண்டாட்டிக்காக நிறுத்தினா நாளைக்கு ஊரே கையைக் காட்டும். ரூல்ஸ்னா ரூல்ஸ்தான்" என்பது அப்பா தரப்பு வாதம். அம்மா பின்னால் வந்த டவுன் பஸ்ஸில் ஏறிப் போய் என்னைப் பிழைக்க வைத்துவிட்டாள். இந்தக் கதையை அம்மா சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். கேட்கிறவர்களும் சிரிப்பார்கள். சொல்லி முடித்ததும் அம்மா மட்டும் ஏதாவது பாத்திரத்தை எடுத்துக் கழுவ ஆரம்பித்துவிடுவாள். அது ஏற்கெனவே கழுவின பாத்திரமாக இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கோடியில், பெர்த் நகரத்தில் கணக்கு எழுதிப் பிழைப்பவன். 32 வயசு. இன்னும் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தங்கை கிழக்குக் கோடியில், சிட்னியில். 2023 ஆகஸ்டில் அவளுக்குப் பிரசவம். அதற்காக ஜூன் மாதமே அப்பாவும் அம்மாவும் வந்து என் வீட்டில் இறங்கினார்கள். ஒரு மாசம் என்னோடு. பிறகு சிட்னி.

"ஃபிளைட் டிக்கெட் போட்டுடறேம்ப்பா. அஞ்சு மணி நேரம்கூட ஆகாது" என்றேன்.

அப்பா மேப்பை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார். "இந்த ரோட்டுல போனா எவ்வளவுடா தூரம்?"

"நாலாயிரம் கிலோமீட்டர்ப்பா. நடுவுல பாலைவனம் மாதிரி ஒண்ணும் கிடையாது."

"ஒண்ணும் இல்லைன்னா டிராஃபிக்கும் இருக்காதில்ல?"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் பெட்டியிலிருந்து இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். கிளம்பும்போதே திருச்சி ஆர்.டி.ஓ. ஆபீஸில் வாங்கி வந்திருக்கிறார். இங்கேயும் நம் ஊர் மாதிரி இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்று தெரிந்துகொண்டுதான் ஃபிளைட்டே ஏறியிருக்கிறார்!

இந்த நாட்டில் ரிட்டயரான ஜோடிகள் கேரவனை மாட்டிக்கொண்டு மாசக்கணக்கில் கண்டத்தைச் சுற்றுவது சர்வ சாதாரணம். 'கிரே நோமாட்ஸ்' என்று பெயர். நரைத்த நாடோடிகள். அப்பாவும் அம்மாவும் அந்த ஜாதியில் சேர முடிவு செய்துவிட்டார்கள்.

"நீயும் வாடா" என்றாள் அம்மா.

"லீவு கிடைக்காதும்மா. ஜூலைல ஆபீஸ்ல வருஷக் கணக்கு முடிக்கற நேரம். தலைக்கு மேல வேலை" என்றேன்.

இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறேன்.

* * *

படுக்கை, அடுப்பு, குட்டி ஃப்ரிட்ஜ் எல்லாம் உள்ளேயே இருக்கும் ஒரு கேம்பர்வேனை வாடகைக்கு எடுத்தோம். அப்பா அதைச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்தார். அடியில் குனிந்து பார்த்தார். வாடகைக்காரர் மிரண்டு போனார். சூரியன் மறைந்தபின் ஓட்டக் கூடாது, கங்காரு குறுக்கே பாயும் என்று ஒரு கண்டிஷன். அப்பாவுக்குச் சுருக்கென்றது. "பத்து வருஷம் நைட் சர்வீஸ் பார்த்தவன்டா நான்!"

ஜூலை மாதத்து ஒரு திங்கட்கிழமை காலை. அங்கே அது நடுக் குளிர்காலம். அப்பா மங்கி குல்லாவும் ஸ்வெட்டருமாய் ஸ்டியரிங்கில். முன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். கண்ணாடி ஓரத்தில் இன்னொரு எலுமிச்சையும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டின திருஷ்டிக் கயிறு. அம்மா பக்கத்து சீட்டில் தோள்பையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பா கிளப்பவில்லை. கியரில் கையை வைத்தபடி நேராகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னங்க?"

"கண்டக்டர் சொல்லாம எப்படி எடுக்கறது?"

அம்மாவுக்கு வெட்கம் வந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயசில் அவள் முகம் சிவந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். மெதுவாகச் சொன்னாள். "ரைட்... போலாம்."

* * *

அப்பாவின் டைம் டேபிள் என்னிடம் ஒரு காப்பி இருந்தது. எந்த நாள், எந்த ஊர், எத்தனை கிலோமீட்டர், டீசல் எங்கே, டீ எங்கே... எல்லாம் டெப்போ ஸ்டைலில். புதன்கிழமை பாலடோனியா என்ற இடத்திலிருந்து வீடியோ காலில் வந்தார்கள். ஊர் என்று பெயர். ஒரு பெட்ரோல் பங்க், ஒரு ஹோட்டல், அவ்வளவுதான் ஊர்.

அம்மாவின் கண்கள் விரிந்திருந்தன. "ஸ்கைலாப் இங்கதான்டா விழுந்துச்சாம்!"

உங்களில் பல பேருக்கு ஸ்கைலாப் தெரியாமல் இருக்கலாம். அமெரிக்கா வானத்தில் பறக்கவிட்ட விண்வெளி நிலையம். 1979 ஜூலையில் கீழே விழுந்தது. எங்கே விழும் என்று தெரியாமல் நம் ஊரில் நடுங்கிக் கிடந்தார்கள். அம்மாவுக்கு அப்போது பதினாலு வயசு. எப்படியும் சாகப் போகிறோம் என்று பாட்டி வீட்டுக் கோழிகளையெல்லாம் அடித்துக் குழம்பு வைத்துவிட்டாளாம். கடைசியில் அது மேற்கு ஆஸ்திரேலியாவில் இந்தப் பக்கமாகச் சிதறி விழுந்தது. இங்கே எஸ்பெரன்ஸ் என்ற ஊர்க்காரர்கள், குப்பை போட்டதற்காக நாஸாவுக்கு 400 டாலர் அபராதம் போட்டு வைத்தார்கள்! அதை 2009-ல் ஒரு அமெரிக்க ரேடியோக்காரர் வசூல் பண்ணிக் கட்டினார்.

"எங்க கோழிக்கு யாருடா நஷ்டஈடு கட்டறது?" என்றாள் அம்மா.

மறுநாள் அந்தப் பிரசித்தி பெற்ற நேர்கோடு. பாலடோனியாவைத் தாண்டி கைகுனா வரை 146.6 கிலோமீட்டர், ஒரு வளைவு கிடையாது. திருச்சியிலிருந்து மதுரை வரை ஸ்டியரிங்கைத் திருப்பாமலே போவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நடு ரோட்டிலேயே சில இடங்களில் ரன்வே மாதிரி வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். மாதிரி என்ன, ரன்வேயேதான். அவசர நோயாளியைத் தூக்கிப் போக டாக்டர் விமானம் அங்கே வந்து இறங்கும். 'பறக்கும் டாக்டர்' சேவை 1928-லிருந்து நடக்கிறது.

அன்று ராத்திரி மதுராவிலிருந்து பேசினார்கள். (நம் வடக்கத்தி மதுரா இல்லை. அதே பெயரில் அங்கே ஒரு பெட்ரோல் பங்க்.)

"எதிர்ல வர்ற வண்டிக்காரன் ஒவ்வொருத்தனும் ஸ்டியரிங்லேருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்றான்டா. நாங்க சர்வீஸ்ல கை தூக்குவோமே, அதே மாதிரி" என்றார் அப்பா. ரிட்டயரான எட்டு வருஷத்தில் அவர் குரலில் அப்படி ஒரு தெம்பை நான் கேட்டதில்லை.

"மணி என்னன்னுதான்டா தெரியலை" என்றாள் அம்மா. அதுவும் நிஜம். அந்தப் பக்கத்து நாலைந்து பங்க்குகளில் மட்டும் கடிகாரத்தைப் பெர்த்தைவிட முக்கால் மணி நேரம் முன்னால் வைத்திருப்பார்கள். சட்டப்படி கிடையாது. அவர்களாகவே வைத்துக்கொண்டது! ஒரு நிமிஷம் லேட்டானால் டைம் கீப்பரிடம் பதில் சொல்லியே ஆயுசைக் கழித்த அப்பா ரெண்டு கையிலும் வாட்ச் கட்டிக்கொண்டு திரிந்தார்.

அதோடு சரி. போன் நின்றுவிட்டது.

* * *

வெள்ளிக்கிழமை அவர்கள் நல்லர்பாருக்குள் போக வேண்டும். லத்தீன் மொழியில் 'மரமில்லாத' என்று அர்த்தம். சுண்ணாம்புக்கல் பூமி. சுமார் 2 லட்சம் சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டைப் போல ஒன்றரை மடங்கு. சனிக்கிழமை சாயங்காலம் செடுனா என்ற ஊரைத் தொட்டு எனக்குப் போன் பண்ண வேண்டும். அப்பாவின் டைம் டேபிள் அப்படித்தான் சொல்கிறது.

வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. சிக்னல் இருக்காது என்று சமாதானம் செய்துகொண்டேன். பெர்த்துக்குள் மட்டும் ஒழுங்காக எடுக்கும் மலிவு சிம்மை வாங்கித் தந்தவன் நான்தானே!

சனிக்கிழமை சாயங்காலமும் வரவில்லை. ராத்திரி எட்டு மணிக்குச் செடுனாவில் அவர்கள் தங்க வேண்டிய கேரவன் பார்க்குக்குப் போன் பண்ணினேன். "அப்படி யாரும் வரவில்லையே" என்றார்கள். இடம் பதிவு செய்தவர்கள் வரவில்லை என்பது அவர்களுக்கு ஒரு காலி இடம். எனக்கு வயிற்றைப் புரட்டியது.

எங்கள் அப்பா ஒரு நாளும் டைம் டேபிளை மீறினவர் இல்லை. பெண்டாட்டி பிள்ளைக்காகக்கூட நிறுத்தாதவர். அவர் வரவில்லை என்றால்..?

அன்று ராத்திரி என்னென்ன நினைத்தேன் என்று எழுதினால் பக்கம் போதாது. கங்காரு. ரோடு ட்ரெயின் என்று அந்த ரோட்டில் ஓடும் ராட்சச லாரிகள்... அப்பாவின் பஸ் மூன்றைச் சேர்த்த நீளம் இருக்கும். அப்பாவின் 66 வயசு. அவருடைய பிரஷர் மாத்திரை. நடு ராத்திரி எழுந்து லேப்டாப்பைத் திறந்து ரோட்டில் விபத்து ஏதாவது உண்டா என்று தேடினேன். இல்லை. பக்கத்திலேயே ஆபீஸ் மெயில் திறந்திருந்தது.

அப்போதுதான் சார், அந்த விஷயம் மண்டையில் உறைத்தது. லீவு கிடைக்காது என்று அம்மாவிடம் சொன்னேனே... நான் லீவே கேட்கவில்லை!

ஆமாம். கேட்கவே இல்லை. கேட்டால் மேனேஜர் என்ன நினைப்பாரோ, ஜூலையில் கேட்டால் பொறுப்பில்லாதவன் என்பாரோ, பிரமோஷன் நேரமாச்சே... எல்லாக் கேள்வியையும் நானே கேட்டு, நானே பதில் சொல்லி, நானே லீவை ரிஜெக்ட் பண்ணிவிட்டேன். அப்பாவுக்காவது ரூல்ஸ் இருந்தது. எனக்கு அதுகூட இல்லை.

ஞாயிறு காலை பதினொரு மணிக்குப் போலீஸுக்குச் சொல்லிவிடலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். மணி அடித்தது. தெரியாத நம்பர்.

"டேய், நான் அம்மாடா! காசே போடலை, ஆனா பேசுது பாரேன்!"

2021-லிருந்து ஆஸ்திரேலியாவில் ரோட்டோரப் பொதுப் போன்களில் உள்நாட்டுக் கால் இலவசம். நல்லர்பார் பங்க் வாசலில் அப்படி ஒன்றை அம்மா கண்டுபிடித்திருக்கிறாள்.

நான் கத்தினேன். அம்மாவிடம் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. "எங்கம்மா போய்த் தொலைஞ்சீங்க? ரெண்டு நாளா உயிரே இல்லை எனக்கு!"

"அப்பா வண்டியை நிறுத்திட்டாருடா."

"நிறுத்திட்டாரா? என்ன ரிப்பேர்? எஞ்சினா? அப்பாவுக்கு ஏதாவது..?"

"ரிப்பேரெல்லாம் இல்லைடா." அம்மாவின் குரல் இறங்கியது. "நான் நிறுத்துங்கன்னு கேட்டேன்... நிறுத்திட்டாரு."

எனக்குப் பேச்சு வரவில்லை.

அம்மாதான் சொன்னாள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கடல். கண்டத்தின் விளிம்பைக் கத்தியால் வெட்டின மாதிரி செங்குத்துப் பாறை. குளிர்காலத்தில் தெற்கே பனிக்கடல் பக்கமிருந்து திமிங்கிலங்கள் பிரசவத்துக்கு அங்கே வரும். நம் ஊரில் பெண்கள் தாய் வீட்டுக்கு வருகிற மாதிரி! மரப்பலகைப் பாதையில் நின்று குனிந்தால் தாயும் குட்டியும் கீழேயே மிதக்கும். குட்டிக்குப் பால் கொடுக்கும் அந்த மாதங்களில் தாய் அநேகமாக எதுவும் சாப்பிடாதாம். உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பே ஆகாரம்.

"சனிக்கிழமை காலையில அரை மணி நேரம் பார்த்துட்டுக் கிளம்பறதா டயம் போட்டிருந்தாரு. எனக்கு வர மனசே இல்லைடா. அந்தக் குட்டி அம்மா முதுகு மேல ஏறறதும் சறுக்கறதும்... இன்னிக்குப் பூராவும் இங்கயே இருக்கலாமாங்கன்னு கேட்டேன். கேட்டுட்டு எனக்கே பயம். அவர் ஒண்ணும் பேசலை. பையிலேருந்து டைம் டேபிளை எடுத்தாரு. பேனாவால குறுக்கே கோடு போட்டுட்டாரு."

சாயங்காலம் கேட்டைச் சாத்தும் வரை இருந்துவிட்டு, பங்க்கிலேயே வந்து தங்கி, ஞாயிறு விடிந்ததும் மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் போன் பண்ணுகிறார்கள்.

"அப்பா என்னம்மா சொன்னார்?"

கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம்தான் கேட்டது.

"விராலிமலைல நிறுத்தியிருக்கணும்னு சொன்னாருடா. அவ்வளவுதான் சொன்னாரு. அப்புறம் டீ போட்டுக் குடுத்தாரு."

* * *

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேனேஜர் அறைக்குப் போனேன். அடுத்த வாரம் முழுக்க லீவு வேண்டும் என்றேன். பதிலுக்குக் கேட்கப் போகும் கேள்விகளுக்கெல்லாம் விடை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவர் காலண்டரைக்கூடப் பார்க்கவில்லை. "தாராளமாப் போயிட்டு வா. எங்கே போறே?" என்றார்.

இரண்டு நிமிஷம் சார்! இரண்டே நிமிஷத்து வேலைக்கு இரண்டு மாசம் பயந்திருக்கிறேன்.

அடிலெய்டுக்குப் பறந்து போய் அவர்களைப் பிடித்தேன். வேனில் கண்ணாடி ஓரத்துத் திருஷ்டிக் கயிற்றைக் காணோம். செடுனா செக்போஸ்ட்டில் பிடுங்கிவிட்டார்களாம். பழ ஈ பரவாமலிருக்க, மேற்கேயிருந்து வரும் வண்டிகளில் பழ ஈ தாக்கக்கூடிய பழம், காய்கறிகளை அனுமதிப்பதில்லை. ஆபீஸர் வண்டியைச் சோதனை போட்டு, எலுமிச்சையையும் மிளகாயையும் கயிற்றோடு குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டாராம்.

"திருஷ்டி கழிஞ்சது" என்றார் அப்பா. "கவர்மென்ட்டே கழிச்சுட்டுது."

பாக்கி 1,400 கிலோமீட்டர். நான் பின் சீட்டு. ஸ்டியரிங்கைத் தொட எனக்குப் பர்மிஷன் கிடையாது. முன்னால் அவர்கள் இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டே வருகிறார்கள். பெரிய விஷயம் ஒன்றுமில்லை. பங்க் டீயில் சர்க்கரை போதவில்லை, அந்த மேகம் யானை மாதிரி இருக்கிறது, இப்படித்தான். முப்பத்தைந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர்கள். வண்டி கிடைத்தபின்தான் பேசவே நேரம் கிடைத்திருக்கிறது.

இவ்வளவு நாள் அவர்களை நான் 'அப்பா அம்மா' என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். புருஷன் பெண்டாட்டி என்று தோன்றியதே இல்லை.

அம்மா தோள்பையோடு திரும்பினாள். நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு துண்டைக் கிழித்து நீட்டினாள்.

"எங்க இறங்கணும்?"

"சிட்னி ஒண்ணு."

"சில்லறையாக் குடு. எல்லாரும் நோட்டை நீட்டினா நான் எங்க போறது?"

ஹே என்ற ஊரைத் தாண்டி ஒரே சமவெளி. சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. வானம் முழுக்கக் குங்குமம் கொட்டினாற்போல் சிவப்பு. நான் ஜன்னல் வழியே பார்த்தேன். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அப்பா கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார் போலிருக்கிறது. வண்டி மெதுவாக ஓரம் கட்டி நின்றது.

"இங்க ஸ்டாப்பிங் இல்லையேப்பா?" என்றேன்.

"இறங்கிப் பார்த்துட்டு வாடா" என்றார்.

ஆகஸ்டில் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஸ்கைலாப் என்று பெயர் வைக்கலாமே என்றார் அப்பா. அம்மா உடனே விசில் அடித்து வண்டியை நிறுத்திவிட்டாள்.